ஒரு நாடு தன் நாணயத்தை விட்டு யூரோவுக்கு மாறும்போது என்ன நடக்கிறது?

பல்கேரியா 2026 ஜனவரி 1 அன்று தன் நாணயமான லெவை விட்டுவிட்டு யூரோவுக்கு மாறிய செய்தியைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டது இது: இப்படி மாறும்போது மக்கள் கையில் இருக்கிற பணம், சேமிப்பு, கடன் எல்லாம் என்ன ஆகும்? விலைவாசி ஏறிவிடும் என்று பயப்படுகிறார்களே, அது உண்மையா? நாடு இதில் எதை இழக்கிறது? பிடிக்கவில்லை என்றால் பழையபடி திரும்ப முடியுமா? நான்கும் நல்ல கேள்விகள். முதல் இரண்டுக்கும் பதில் சொல்வது சுலபம். மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் அங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சேமிப்பு. மாறுகிற அந்த இரவில் யாருடைய பணமும் குறைவதில்லை, கூடுவதும் இல்லை. முழத்தில் அளந்த துணியை மீட்டரில் அளந்தால் துணி சுருங்கிவிடாது. சம்பளம், வங்கி இருப்பு, வீட்டுக்கடன், கடையில் பொருளின் விலை எல்லாமே ஒரே எண்ணால் வகுக்கப்படுகின்றன. கவனிக்க வேண்டியது, அந்த ஒரு எண்ணை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான்.

யூரோ தொடங்கியபோது 11 நாடுகள் இருந்தன. அவற்றின் விகிதங்களை 1998 டிசம்பர் 31 அன்று, இனி என்றைக்கும் மாற்ற முடியாதபடி பூட்டினார்கள். ஒரு யூரோவுக்கு 1.95583 ஜெர்மன் மார்க், 6.55957 பிரெஞ்சு பிராங்க், 1936.27 இத்தாலிய லிரா, 166.386 ஸ்பானிய பெசெட்டா. 2 மார்க், 2000 லிரா என்று முழு எண்ணாக வைத்திருந்தால் மக்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று தோன்றும். அப்படிச் செய்ய முடியாததற்குக் காரணம் உண்டு. யூரோவுக்கு முன்பே எக்யூ என்ற கணக்குப் பணம் ஒன்று புழக்கத்தில் இருந்தது. பல நாட்டு நாணயங்களைக் கூடையாகச் சேர்த்து அதன் மதிப்பைக் கணக்கிட்டார்கள். ஒரு எக்யூ, ஒரு யூரோவாக மாறும் என்று முன்பே வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்தக் கூடைக்குள் யூரோவில் சேராத பிரிட்டனின் பவுண்டும் டென்மார்க்கின் குரோனும் இருந்தன, அவை தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அதனால் மார்க்குக்கும் பிராங்குக்கும் இடையிலான விகிதத்தை 1998 மே மாதமே அறிவித்துவிட்டாலும், யூரோவோடான எண்ணைக் கடைசி நாள் வரை சொல்ல முடியவில்லை. அன்றைய சந்தை மதிப்பு என்ன கொடுத்ததோ அதுதான் அந்த ஆறு இலக்க எண்கள்.

இந்த எண்ணை வெட்டவோ சுருக்கவோ கூடாது என்பது சட்டம். தலைகீழாக்கிப் பயன்படுத்தவும் கூடாது. அதாவது “ஒரு லிரா இத்தனை யூரோ” என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பெருக்கக் கூடாது, எப்போதும் 1936.27-ஆல் வகுக்கத்தான் வேண்டும். அற்ப விஷயம் போலத் தெரியலாம். 100 கோடி லிராவை முறையாக வகுத்தால் 5,16,456.90 யூரோ வரும். “ஒரு லிரா 0.000516 யூரோ” என்று சுருக்கிப் பெருக்கினால் 5,16,000 யூரோதான் வரும். நடுவே 456.90 யூரோ காணாமல் போகிறது. ஒவ்வொரு வங்கியும் லட்சக்கணக்கான கணக்குகளை மாற்றும்போது இந்தக் கசிவு யாருடைய பைக்காவது போய்ச் சேரும். அதற்கு இடமே கொடுக்கவில்லை. மார்க்கைப் பிராங்காக மாற்றுவதென்றாலும் முதலில் யூரோவாக்கி, குறைந்தது மூன்று தசம இடம் வைத்துக்கொண்டு, அங்கிருந்துதான் பிராங்குக்குப் போக வேண்டும்.

கடன்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் விதி இன்னும் எளிது. நாணயம் மாறியதைக் காரணம் காட்டி யாரும் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது, நிபந்தனைகளை ஒருதலையாக மாற்றவும் முடியாது. 20 வருட வீட்டுக்கடனை 6 சதவீத நிலையான வட்டிக்கு வாங்கியிருந்தால், அதே 6 சதவீதம், அதே தவணைக்காலம், தொகை மட்டும் யூரோவில். இதை 1997-லேயே ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாக்கிவிட்டது. பண மாற்றம் என்றால் மக்களுக்கு வருகிற முதல் பயம் “என் பத்திரம் செல்லுமா” என்பதுதான். அதை நோட்டு அச்சடிப்பதற்கு முன்பே தீர்த்துவைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் விகிதத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணால் வகுப்பது வெறும் கணக்கு. எந்த எண் என்பது கணக்கு இல்லை, அரசியல். இதை மிகக் கசப்பாகக் கற்றுக்கொடுத்தது 1990 ஜூலை 1 அன்று நடந்த கிழக்கு ஜெர்மனியின் மாற்றம். கிழக்கின் மார்க்கை ஒழித்து மேற்கின் மார்க்கைக் கொண்டுவந்தபோது சம்பளங்களை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினார்கள். சேமிப்பில் வயதைப் பொறுத்து 2000, 4000 அல்லது 6000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று. ஜெர்மன் மத்திய வங்கி இரண்டுக்கு ஒன்றே பொருத்தம் என்று ஆலோசனை சொல்லியிருந்தது. சேமித்தவர்கள் மகிழ்ந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது, ஆயுள் முழுக்க உழைத்த பணத்தைப் பாதியாக்கினால் யார் பொறுப்பார்கள்? ஆனால் ஆலைகளின் நிலை வேறு. மேற்கைவிடப் பல மடங்கு குறைவாக உற்பத்தி செய்கிற ஆலை, ஒரே நாளில் வலுவான மார்க்கில் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. கிழக்கு ஐரோப்பியச் சந்தைகளும் அதே சமயத்தில் சரிந்தன. ஓரிரு வருடங்களில் கிழக்கின் தொழில் உற்பத்தி பாதிக்கும் கீழே போனது. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். விகிதம் உயர்வாக இருந்தால் சேமித்தவருக்கு நல்லது, வேலை செய்கிறவருக்கு ஆபத்து; தாழ்வாக இருந்தால் நேர்மாறு.

யூரோவில் பின்னால் சேர்ந்த நாடுகள் இதனால்தான் குறைந்தது இரண்டு வருடம் தங்கள் நாணயத்தை யூரோவோடு ஒட்டி நடத்திக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் காலத்தில் சந்தையே சரியான எண்ணைக் காட்டிக்கொடுக்கும். ஸ்லோவாக்கியாவின் கொருனா அப்படி வலுவடைந்துகொண்டே போனதால், 2008 மே மாதம் அதன் மைய விகிதத்தை 17.6 சதவீதம் உயர்த்தினார்கள். அங்கே நின்ற 30.126 என்ற எண்ணில்தான் 2009-ல் யூரோவுக்கு மாறினார்கள்.

சரி, நோட்டும் சில்லறையும். 1999 முதல் மூன்று வருடம் யூரோ கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. “கட்டாயமும் இல்லை, தடையும் இல்லை” என்பதுதான் அப்போதைய கொள்கை. விரும்பியவர் யூரோவில் கணக்கு வைக்கலாம், விரும்பாதவர் பழையதிலேயே இருக்கலாம். 2002 ஜனவரி 1 அன்று 12 நாடுகளில் ஒரே நாளில் நோட்டு வந்தது (கிரீஸ் 2001-ல் சேர்ந்திருந்தது). இதற்காக ஏறத்தாழ 1500 கோடி நோட்டுகளும் 5000 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்களும் தயாரித்தார்கள். அவற்றை 2001 செப்டம்பரிலிருந்தே வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காவலோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கடைக்காரர் பழைய பணத்தை வாங்கிக்கொண்டு மீதியை யூரோவில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியென்றால் ஒவ்வொரு கல்லாவும் ஒரு நாணய மாற்று நிலையமாகிவிடுகிறது, வழக்கத்தைவிடப் பல மடங்கு சில்லறை தேவைப்படுகிறது. அதனால் ஏடிஎம்களில் பெரிய நோட்டுக்குப் பதிலாக 5, 10, 20 யூரோ நோட்டுகளை நிரப்பினார்கள். டிசம்பர் நடுவிலேயே சின்னப் பைகளில் நாணயங்களைப் போட்டு மக்களுக்கு விற்றார்கள். புத்தாண்டு அன்று காலையில் காபி குடிக்கிறவர் கையிலேயே சரியான சில்லறை இருக்க வேண்டும் என்பதற்காக.

பழைய பணமும் புதிய பணமும் சேர்ந்து புழங்க அப்போது இரண்டு மாதம் வரை விட்டார்கள். அவ்வளவு தேவையில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. 2007-ல் ஸ்லோவேனியாவும் 2023-ல் குரோஷியாவும் இரண்டே வாரத்தில் முடித்தன. இப்போது பல்கேரியா ஒரு மாதம் எடுத்துக்கொண்டது.

வீட்டில் மறந்துபோன பழைய நோட்டுகள் விஷயத்தில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். ஜெர்மனி காலவரம்பே வைக்கவில்லை. இன்று பரணில் மார்க் கட்டு கிடைத்தாலும் மத்திய வங்கி மாற்றித் தரும். இன்னும் 1200 கோடி மார்க்குக்கு மேல் திரும்பி வராமலே இருக்கிறது. பல்கேரியாவின் மத்திய வங்கியும் லெவைக் காலவரம்பில்லாமல் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பிரான்ஸ் பத்து வருடத்தோடு, 2012 பிப்ரவரியில், கதவை மூடியது. இத்தாலி செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. 2012 பிப்ரவரி வரை அவகாசம் என்று சொல்லியிருந்துவிட்டு, 2011 டிசம்பரில் நெருக்கடிக்கால அவசரச் சட்டத்தால் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். பத்திரமாக வைத்திருந்த லிரா காகிதமானது. கொடுத்த தேதியை மதிக்காவிட்டால் பணத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையே ஆட்டம் காணும்.

இனி விலைவாசி. 2002-ல் யூரோ வந்ததும் ஜெர்மனியில் “டொய்ரோ” என்ற சொல் பிறந்தது. “டொயர்” என்றால் ஜெர்மன் மொழியில் விலை அதிகம் என்று பொருள். அதையும் யூரோவையும் ஒட்டிய சொல், அந்த ஆண்டின் சொல்லாகவும் தேர்வானது. மக்கள் அவ்வளவு உறுதியாக நம்பினார்கள். ஆனால் ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகம் கணக்குப் பார்த்தபோது, நாணய மாற்றத்தால் மட்டும் ஏறிய விலை 0.1 முதல் 0.3 சதவீதப் புள்ளிதான் என்று வந்தது.

யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்பேன். காபி, சாப்பாட்டு விடுதி, முடிதிருத்தகம் போன்ற இடங்களில் விலை உண்மையிலேயே ஏறியது. பழைய விலையை மாற்றினால் 1.13 யூரோ மாதிரி ஒழுங்கற்ற எண் வரும். அதைக் கடைக்காரர் 1.20 ஆக்குவாரே தவிர 1.10 ஆக்க மாட்டார். ஆனால் வாடகை, மின்சாரம், தொலைக்காட்சிப் பெட்டி இவையெல்லாம் பெரிதாக ஏறவில்லை, சில இறங்கவும் செய்தன. விலைக் குறியீட்டில் எடை அதிகம் இவற்றுக்குத்தான். மனித மனம் குறியீட்டைப் போல எடை போடுவதில்லை. தினமும் கையில் காசை எடுத்துக் கொடுக்கிற காபியின் விலைதான் மனதில் நிற்கிறது, வருடத்துக்கு ஒருமுறை கட்டும் காப்பீட்டின் விலை நிற்பதில்லை. அப்புறம் இன்னொரு பிழை. ஐந்து வருடம் கழித்தும் மக்கள் இன்றைய யூரோ விலையை 2001-ன் மார்க் விலையோடு ஒப்பிட்டார்கள். மார்க்கே தொடர்ந்திருந்தாலும் அந்த ஐந்து வருடத்தில் ஏறியிருக்கக்கூடிய விலையையும் சேர்த்து யூரோவின் கணக்கில் எழுதினார்கள்.

இத்தாலியில் இது இன்னும் சிக்கலானது. மாதம் 20 லட்சம் லிரா வாங்கியவரின் சம்பளம் 1032.91 யூரோவாகத் தெரிந்தது. எண் சுருங்கியதும் மனம் ஏழையாகிவிடுகிறது. அதே ஆள் கடையில் ஒரு யூரோ நாணயத்தைப் பார்க்கும்போது ஆயிரம் லிரா நோட்டைப் போல நினைத்துக் கொடுத்துவிடுகிறார், உண்மையில் அது இரண்டாயிரத்துக்குக் கிட்ட. அயர்லாந்தில் நேர்மாறு, ஒரு ஐரிஷ் பவுண்டு ஏறத்தாழ 1.27 யூரோ ஆனதால் எல்லா எண்களும் பெரிதாயின.

இதற்கு மருந்தாகத்தான் இரட்டை விலைப் பலகை வந்தது. குரோஷியாவில் 2022 செப்டம்பர் 5 முதல் 2023 கடைசி வரை ஒவ்வொரு பொருளுக்கும் குனாவிலும் யூரோவிலும் விலை எழுத வேண்டும் என்று சட்டம். பல்கேரியாவில் 2025 ஆகஸ்ட் 8-லிருந்து ஒரு வருடம். முன்பே தொடங்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாறிய பிறகு பலகை வைத்தால், பழைய விலை என்னவாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நான்கைந்து மாதம் முன்பே வைத்தால், ஜனவரி 1 அன்று ஏற்றியவர் மாட்டிக்கொள்வார். அப்படியும் குரோஷியாவில் ஏற்றினார்கள். 2023 ஜனவரி முதல் வாரத்திலேயே அரசு, விலைகளை டிசம்பர் 31 நிலைக்கு இறக்கச் சொல்லிக் கடைகளை எச்சரிக்க வேண்டி வந்தது. தனிமனிதருக்கு என் யோசனை ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் பழைய நாணயத்துக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கத்தைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள். அடிக்கடி வாங்கும் பத்துப் பதினைந்து பொருள்களின் விலையைப் புதிய நாணயத்தில் மனப்பாடம் செய்தால் போதும், மற்றதெல்லாம் அதை ஒட்டிப் பிடிபட்டுவிடும்.

இப்போது மூன்றாவது கேள்வி. நாடு எதை இழக்கிறது?

இரண்டு கருவிகளை இழக்கிறது. ஒன்று, தன் நாணயத்தின் மதிப்பை இறங்கவிடும் வசதி. இன்னொன்று, தன் வட்டி விகிதத்தைத் தானே முடிவு செய்யும் அதிகாரம். இரண்டும் நல்ல காலத்தில் நினைவுக்கே வராது. கெட்ட காலத்தில்தான் அவற்றின் அருமை தெரியும்.

1992 செப்டம்பரில் இத்தாலி, ஐரோப்பாவின் அப்போதைய நிலையான விகித ஏற்பாட்டிலிருந்து வெளியேறியது. அடுத்த சில மாதங்களில் லிரா, மார்க்குக்கு எதிராக ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. இத்தாலியப் பொருள்கள் ஜெர்மானியருக்கு மலிவாயின, ஏற்றுமதி எழுந்தது. யாருடைய சம்பளச் சீட்டிலும் ஒரு எண்கூட மாறவில்லை. உண்மையில் எல்லா இத்தாலியரும் கொஞ்சம் ஏழையானார்கள், இறக்குமதிப் பொருள்கள் விலை ஏறின. ஆனால் அந்தச் சுமை எல்லார் மேலும் பரவலாக விழுந்தது, சீக்கிரமாகவும் நடந்து முடிந்தது.

பொது நாணயத்தில் அந்த வழி இல்லை. ஜெர்மனியைவிட உங்கள் பொருள் விலை 20 சதவீதம் அதிகமாகிவிட்டால், சம்பளத்தையும் விலையையும் ஒவ்வொன்றாகக் குறைத்துத்தான் ஆக வேண்டும். ஒரு நாணயத்தின் விகிதம் ஒரே நாளில் மாறும். கோடிக்கணக்கான சம்பளங்கள் அப்படி இறங்காது. எந்தத் தொழிலாளியும் முதலில் இறங்கச் சம்மதிக்க மாட்டார், ஏன் சம்மதிக்க வேண்டும்? அதனால் சம்பளம் இறங்குவதற்கு முன்பாக வேலை போகிறது. சம்பளம் இறங்கினாலும் வீட்டுக்கடன் இறங்காது என்பது இன்னும் கொடுமை. 2013-ல் கிரீஸில் 27 சதவீதம் பேருக்கும், ஸ்பெயினில் 26 சதவீதம் பேருக்கும் வேலை இல்லை. இளைஞர்களில் பாதிக்கும் மேல். ஒரு தலைமுறையின் வாழ்க்கை அந்த எண்களுக்குள் இருக்கிறது, அதை வெறும் புள்ளிவிவரமாக என்னால் படிக்க முடிவதில்லை.

“கிரீஸ் பொய்க்கணக்கு எழுதியது, அனுபவித்தது” என்று இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. கிரீஸ் கணக்கில் தவறு இருந்தது உண்மை. நுழைந்தபோது காட்டிய பற்றாக்குறை சரியில்லை என்று 2004-லேயே தெரிந்தது. 2009-ன் பற்றாக்குறை கடைசியில் ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், 15 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் ஸ்பெயினைப் பாருங்கள். 2007-ல் அதன் அரசுக்கடன் ஜிடிபியில் 40 சதவீதத்துக்கும் கீழே. வரவுசெலவில் உபரி. யூரோவின் விதிகளை ஜெர்மனியும் பிரான்ஸும் 2003-ல் மீறியபோது ஸ்பெயின் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. அயர்லாந்தின் அரசுக்கடன் இன்னும் குறைவு. இந்த இரண்டு நாடுகளும் ஏன் விழுந்தன?

காரணம் வட்டி. 2003 ஜூனிலிருந்து 2005 டிசம்பர் வரை ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டி 2 சதவீதம். மந்தமாக இருந்த ஜெர்மனிக்கு அது பொருத்தம். ஸ்பெயினில் பணவீக்கமே 3 சதவீதத்தைச் சுற்றி இருந்தது. அதாவது கடன் வாங்குகிறவருக்கு வட்டி கொடுப்பதற்குப் பதிலாகக் கூலி கொடுத்த கதை. சொந்த மத்திய வங்கி இருந்திருந்தால் வட்டியை ஏற்றி அடக்கியிருக்கும். இல்லாததால் வீடு கட்டுவது, வாங்குவது, அதற்குக் கடன் கொடுப்பது என்று பொருளாதாரமே அந்தப் பக்கம் சாய்ந்தது. 2008-ல் வீட்டு விலை விழுந்தபோது வங்கிகள் விழுந்தன, வங்கிகளைத் தூக்கப்போன அரசும் சேர்ந்து விழுந்தது. அயர்லாந்து தன் வங்கிகளைக் காப்பாற்றிய செலவால் 2010-ன் பற்றாக்குறை மட்டும் ஜிடிபியில் 30 சதவீதத்தைத் தாண்டியது.

இன்னொரு இழப்பு அப்போதுதான் வெளியே தெரிந்தது. 2012 ஜூலையில் ஸ்பெயின் பத்து வருடக் கடனுக்கு 7 சதவீதத்துக்கும் மேல் வட்டி கொடுக்க வேண்டிய நிலை. அதே சமயம் ஸ்பெயினைவிட அதிகக் கடன் வைத்திருந்த பிரிட்டன் 2 சதவீதத்துக்கும் கீழே கடன் வாங்கிக்கொண்டிருந்தது. பிரிட்டனின் கடன் பவுண்டில் இருக்கிறது, பவுண்டை அச்சடிக்கும் வங்கி அதன் கையில் இருக்கிறது, ஆகவே பணம் திரும்பி வராது என்ற பயம் யாருக்கும் இல்லை. ஸ்பெயினின் கடன் யூரோவில் இருந்தது, யூரோவை அச்சடிக்கும் அதிகாரம் மாட்ரிட்டில் இல்லை. 2012 ஜூலை 26 அன்று ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மாரியோ டிராகி, யூரோவைக் காக்க எது தேவையோ அதைச் செய்வோம் என்று லண்டனில் சொன்னார். அதற்காக அறிவித்த கடன்பத்திரத் திட்டத்தில் ஒரு யூரோகூடச் செலவாகவில்லை, ஆனாலும் வட்டி இறங்கியது. யூரோ பிறந்து 13 வருடம் வரை எந்த நாட்டுக்கும் அந்த உறுதி வாய்விட்டுக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

இந்தக் குறை யாருக்கும் தெரியாமல் நடந்ததல்ல. எந்தெந்தப் பகுதிகள் ஒரே நாணயத்தைப் பகிரலாம் என்று ராபர்ட் மண்டெல் 1961-லேயே ஒரு கட்டுரை எழுதினார், பின்னால் நோபல் பரிசும் பெற்றார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சொன்னதை எளிதாக்கினால் இப்படி வரும்: நாணய விகிதம் என்ற அதிர்வுதாங்கியைக் கழற்றிவிட்டால், அதன் இடத்தில் வேறு ஏதாவது இருக்க வேண்டும். வேலை போன ஊரிலிருந்து வேலை இருக்கும் ஊருக்கு மக்கள் சுலபமாகப் போக வேண்டும், அல்லது நன்றாக இருக்கும் பகுதியிலிருந்து துவண்ட பகுதிக்குப் பணம் தானாகப் பாய வேண்டும். அமெரிக்காவில் 2008-ல் நெவாடாவும் புளோரிடாவும் ஸ்பெயினைப் போலத்தான் விழுந்தன. ஆனால் அங்கே ஓய்வூதியமும் வைப்புக் காப்பீடும் மத்திய அரசின் பொறுப்பு. நெவாடா அரசு தன் வங்கிகளைத் தானே தூக்க வேண்டியிருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரவுசெலவு, ஒன்றியத்தின் வருமானத்தில் 1 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. மொழி வேறு என்பதால் மக்கள் நகர்வதும் கடினம்.

நெருக்கடிக்குப் பிறகு நிறைய சேர்த்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். 2012-ல் 50,000 கோடி யூரோ வரை கடன் கொடுக்கக்கூடிய மீட்பு நிதி, 2014 நவம்பரிலிருந்து பெரிய வங்கிகளுக்குப் பொதுக் கண்காணிப்பு, 2020-ல் கொரோனாவுக்காக எல்லா நாடுகளும் சேர்ந்து வாங்கிய கடன். வங்கி வைப்புகளுக்கான பொதுக் காப்பீடு மட்டும் இன்னும் வரவில்லை, அது வரும்வரை கட்டடம் அரைகுறைதான் என்பது என் கருத்து.

அப்படியென்றால் பல்கேரியா ஏன் சேர்ந்தது? உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எல்லா நாடும் ஒரே அளவு இழப்பதில்லை. பல்கேரியாவில் 1997 பிப்ரவரியில் ஒரே மாதத்தில் விலைகள் மூன்று மடங்குக்கும் மேலாயின. அந்த வருடமே லெவை ஜெர்மன் மார்க்கோடு இறுகக் கட்டினார்கள். கையில் அந்நியச் செலாவணி இருந்தால்தான் லெவ் வெளியிட முடியும் என்று சட்டம் போட்டார்கள். 1999-ல் மூன்று பூஜ்யங்களை நீக்கியபோது ஒரு லெவ், ஒரு மார்க் ஆனது. மார்க் யூரோவானதும் அதே எண் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் பல்கேரியாவின் மாற்று விகிதமும் 1.95583, மார்க்குடையதே. சொந்த வட்டிக் கொள்கையை அவர்கள் 1997-லேயே விட்டுக்கொடுத்தாயிற்று. பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி முடிவு செய்யும் வட்டி அவர்களுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அங்கே பேச நாற்காலி இல்லை. இப்போது நாற்காலி கிடைத்திருக்கிறது. எஸ்டோனியாவும் லித்துவேனியாவும் இதே நிலையில் இருந்தவைதான். லித்துவேனியாவை 2006-ல், அனுமதித்த அளவைவிடப் பணவீக்கம் தசமப் புள்ளியில் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். 1999-ல் கடன் வரம்பான 60 சதவீதத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வைத்திருந்த இத்தாலியையும் பெல்ஜியத்தையும் உள்ளே விட்டவர்கள் இதில் மட்டும் அவ்வளவு கறாராக இருந்தது நியாயமாகப் படவில்லை.

நேர்மாறாக, நன்றாக நடத்திவந்த சொந்த நாணயம் உள்ள நாடு இழப்பது அதிகம். சுவீடன் மக்கள் 2003 பொதுவாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள். டென்மார்க் 2000-ல் வேண்டாம் என்றுவிட்டு, குரோனை யூரோவோடு இறுகக் கட்டியே வைத்திருக்கிறது. அன்றாடத்தில் யூரோ வைத்திருப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் வீடு தீப்பிடித்தால் திறக்க ஒரு பின்கதவு இருக்கிறது.

அந்தக் கதவுதான் உங்கள் கடைசிக் கேள்வி. யூரோவை மட்டும் விட்டு வெளியேற ஒப்பந்தத்தில் வழி எழுதப்படவில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நடைமுறையில் நுழைவதும் வெளியேறுவதும் ஒன்றல்ல. நுழையும்போது புதிய பணத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறது, மக்கள் அமைதியாக மாற்றிக்கொள்கிறார்கள். வெளியேறும்போது புதிய பணம் இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும், இறங்குவதற்காகத்தானே வெளியேறுகிறார்கள்? ஆகவே பேச்சு அடிபட்ட உடனே வங்கியிலிருந்து பணத்தை எடுக்க ஓடுவார்கள்.

1993-ல் செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்தபோது இது நன்றாகவே நடந்தது. சில மாதங்களாவது பொது நாணயம் தொடரும் என்றார்கள், ஐந்தே வாரத்தில், பிப்ரவரி 8 அன்று, பிரித்துவிட்டார்கள். பழைய நோட்டுகளின் மேல் ஆளுக்கொரு முத்திரைச் சீட்டை ஒட்டிப் புது நாணயம் தயாராகும்வரை ஓட்டினார்கள். அங்கே பெரிய நோட்டுகளுக்குச் சீட்டு ஒட்டியே ஆக வேண்டும், ஒட்டாத பெரிய நோட்டு எங்கும் செல்லாது. யூரோவில் அது நடக்காது. ஏதென்ஸில் தலையணைக்குள் வைத்த 50 யூரோ நோட்டு, கிரீஸ் வெளியேறினாலும் பெர்லினில் 50 யூரோதான். அதனால் யாரும் சீட்டு ஒட்டக் கொண்டுவர மாட்டார்கள்.

2015-ல் கிரீஸ் அந்த வாசல்வரை போய் நின்றது. ஜூன் 28 அன்று வங்கிகளை மூடினார்கள், ஏடிஎம்மில் ஒருவருக்கு நாளைக்கு 60 யூரோ மட்டும் என்று கட்டுப்பாடு. ஜூலை 5 பொதுவாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை மறுத்தார்கள். ஒரு வாரம் கழித்து அதே அரசு, ஏறத்தாழ அதே மாதிரியான நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டு யூரோவிலேயே தங்கியது. பணத்தை எடுப்பதற்கும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் இருந்த கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்க 2019 செப்டம்பர் 1 ஆனது.